வரப்பு வெட்டினவருக்கு ஒரு கூலி, நாத்து நட்டவங்களுக்கு ஒரு கூலி



நவரை நடவு முடிஞ்சுது. முடிஞ்ச அன்னிக்கு சாயந்திரம் களத்து மேட்டுல உட்கார்ந்து கூலி கொடுத்துட்டு இருந்தேன். அண்டை வெட்ட வந்த ரெண்டு ஆம்பளைங்களுக்கு ஆளுக்கு 800. நடவுக்கு வந்த பொம்பளைங்களுக்கு ஆளுக்கு 450. நான் ஒண்ணும் புதுசா நிர்ணயம் பண்ணலை, எங்க பக்கத்து ஊர்க்கூலி அதுதான். ஆள் கூட்டி வர்ற அக்கா பணத்தை எண்ணிட்டு, மெதுவா கேட்டாங்க.

"தம்பி, அவரு வெட்டின அண்டையில தண்ணி நிக்குது, சரி. நாங்க நட்ட நாத்துலதானே நெல்லு நிக்குது?"

நான் சொன்ன பதில் எங்கப்பா சொன்னது, எங்க தாத்தா சொன்னது. "அது ஆம்பளை வேலைக்கா. இது வேற, அது வேற." அக்கா சிரிச்சுட்டு எழுந்து போயிட்டாங்க. ராத்திரி சோறு போடும்போது எங்க வீட்டம்மா கேட்டாங்க: "நானும் இன்னிக்கு அவங்களோட நட்டேனே, எனக்கு எவ்வளவு?"

ரெண்டு கேள்விக்கும் என்கிட்ட நேர்மையான பதில் இல்லை. அதனால இந்தப் பதிவு. வேலைக்குக் கூலியை யார், எப்படி முடிவு பண்ணினாங்கன்னு நம்ம செங்கல்பட்டுச் சீமையில இருந்தே கொஞ்சம் பின்னால போய்ப் பார்க்கிறேன். நான் பள்ளிக்கூடப் படிப்போட நின்னவன். படிச்சதையும் பார்த்ததையும் வச்சுச் சொல்றேன்.

முதல்ல நடவுன்னா என்னன்னு பட்டணத்துல இருக்கிற உங்களுக்குச் சொல்லிடறேன். நாத்தங்கால்ல 25 நாள், 30 நாள் வளர்ந்த நாத்தைப் பறிச்சு, முடி கட்டி, சேடை ஓட்டின வயல்ல வரிசையா ஊன்றது. குனிஞ்சா நிமிர முடியாது. ஒரு ஏக்கரை ஒரே நாள்ல முடிக்கணும்னா 15, 20 பேர் வேணும். ஆழமா நட்டா தூர் கட்டாது, மேலாக நட்டா தண்ணியில மிதந்துடும். விரல் நுனிக்குத்தான் அந்த அளவு தெரியும். நாலு நாள் தொடர்ந்து நட்டா விரல் இடுக்குல சேத்துப்புண் வந்துடும். அண்டை வெட்டறது பலம் கேட்கிற வேலை, இல்லைன்னு சொல்லலை. ஆனா அண்டை சரியில்லைன்னா மறுநாள் சரி பண்ணிக்கலாம். நடவு கெட்டா அந்தப் போகமே போச்சு.

களத்துல பங்கு

கூடுவாஞ்சேரியில இருந்து நெல்லிக்குப்பம் ரோட்டைப் பிடிச்சுக் கிழக்கே போனா திருப்போரூர் வரும். அந்தத் திருப்போரூரோட 250 வருஷத்துக்கு முந்தைய கணக்கு இன்னிக்கும் இருக்கு.

1763ல ஆற்காட்டு நவாப் இந்தச் செங்கல்பட்டுச் சீமையை வெள்ளைக்காரக் கம்பெனிக்கு ஜாகீரா எழுதிக் கொடுத்தார். எவ்வளவு தேறும்னு தெரிஞ்சுக்க, 1767 முதல் 1774 வரை பர்னார்டுங்கிற இஞ்சினியரை வச்சு சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தாங்க. ஊர்க் கணக்குப்பிள்ளைங்க பனை ஓலையில எழுதின கணக்குதான் அதுக்கு அடிப்படை. அதுல திருப்போரூர், வடக்குப்பட்டு ரெண்டு ஊர்க் கணக்கையும் சென்னையில இருக்கிற கொள்கை ஆய்வு மையம்கிற அமைப்பு 2001ல புத்தகமாப் போட்டிருக்கு. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருத்தர் எனக்கு அதை எடுத்துச் சொன்னார்.

நெல்லு களத்துக்கு வந்ததும் அரசாங்கப் பங்கு, குடிப் பங்குன்னு பிரிக்கிறதுக்கு முன்னாடியே பொதுவுல இருந்து பல பேருக்கு அளந்து எடுத்து வச்சிருக்காங்க. கோவில், ஏரி, கணக்குப்பிள்ளை, தலையாரி, கொல்லர், தச்சர், குயவர், வண்ணார், நாவிதர், வெட்டியான், பஞ்சாங்கம் பார்க்கிறவர். மேரை, சுதந்திரம்னு அதுக்குப் பேர். சிலருக்கு மானிய நிலமும் உண்டு. இப்படிப் போனது மொத்த விளைச்சல்ல கால் பங்குக்கு மேலன்னு ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்றாங்க.

கேட்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஏர்க்கலப்பைக்குக் கொழு அடிக்கிற கொல்லர் விளைச்சல்ல பங்காளி. மழை பெய்ஞ்சா எல்லாருக்கும் கூடும், பொய்ச்சா எல்லாருக்கும் குறையும். ஆனா இதை மட்டும் வச்சுப் பழைய காலம் பொற்காலம்னு சொல்லிட முடியாது. அந்தப் பட்டியல்ல எந்தத் தொழிலுக்கு எவ்வளவுன்னு ஊர் வழக்கம் முடிவு பண்ணுச்சு, எந்தத் தொழிலை யார் செய்யணும்னு பிறப்பு முடிவு பண்ணுச்சு. இந்தப் பங்கு எனக்குப் பத்தலை, வேற தொழில் பார்க்கிறேன்னு வெட்டியான் சொல்ல முடியாது. சேத்துல இறங்கி உழுது நட்ட படியாளுக்கோ, மிராசுதாரர் அளந்து போடற படி நெல்லுதான். அதனாலதான் அவர் பேரே படியாள்.

கலெக்டர் எழுதின குறிப்பு

அந்தப் படியாளைப் பத்தி அரசாங்கத்துக்கு விலாவாரியா எழுதினவர் நம்ம செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர். 1891ல அவர் கொடுத்த குறிப்பு, செங்கல்பட்டுப் பறையர் மக்களைப் பத்தினது. அவங்க கஞ்சி, அவங்க குடிசை, அவங்க கடன் எல்லாத்தையும் எழுதினார். முக்கியமா ஒண்ணைச் சுட்டிக் காட்டினார். தரிசு நிலத்துக்கு மனு போட்டாலும் மிராசுதாரருக்குத்தான் முதல் பாத்தியதை. குடியிருக்கிற குடிசை மனைகூட மிராசுதாரர் கையில. கூலி பத்தலைன்னு வாயைத் திறந்தா, மனையைக் காலி பண்ணுன்னு சொல்லலாம்.

இதுக்கு எதிர்ப்பு கிளம்புச்சு. கலெக்டர் மிகைப்படுத்தறார்னு வருவாய் வாரியத்துலயே மறுத்தாங்க. ஆனாலும் 1892 செப்டம்பர் 30ம் தேதி, 1010ம் எண் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம்னு இன்னிக்குப் பேசறோமே, அதுக்கு மூலம் அதுதான். அந்த நிலத்துல எவ்வளவு கைமாறிப் போச்சுங்கிறது தனிக் கதை.

நான் இதுல புரிஞ்சுக்கிட்டது ஒண்ணு. கலெக்டர் கூலியைக் கூட்டுன்னு சொல்லிட்டு நிக்கலை, நிலம் கொடுன்னு சொன்னார். ஏன்னா நாளைக்கு வேற பிழைப்பு இருக்குன்னு தெரிஞ்சவனுக்குத்தான் இன்னிக்குக் கூலி பேச வாய் வரும். நிலம் கேட்டது வேறொண்ணும் இல்லை, வேண்டாம்னு சொல்ற தைரியத்துக்கு ஒரு அடமானம்.

அரைப்படி நெல்லு

சுதந்திரம் வந்து 1948ல குறைந்தபட்சக் கூலிச் சட்டம் போட்டாங்க. விவசாய வேலையும் அதுல சேர்ந்திருந்தது. சட்டத்துல இருந்தது, களத்து மேட்டுக்கு வந்து சேரலை.

1968 டிசம்பர் 25. கீழத்தஞ்சையில கீழ்வெண்மணி. விவசாயத் தொழிலாளிங்க அறுவடைக்கு அரைப்படி நெல்லு கூடக் கேட்டாங்க. அவங்களுக்குப் பின்னால செங்கொடிச் சங்கம். மிராசுதாரர்களுக்கு நெல் உற்பத்தியாளர் சங்கம். வெளியூர் ஆளைக் கூட்டி வந்து அறுப்பேன்னு ஒரு பக்கம், எங்களை விட்டுட்டு அறுக்க விடமாட்டோம்னு ஒரு பக்கம். கூலியைவிடக் கொடிதான் மிராசுதாரர்களுக்குப் பெரிய உறுத்தல், அதை இறக்குன்னாங்க. அன்னிக்கு ராத்திரி ஒரு குடிசைக்குள்ள ஒளிஞ்ச 44 பேர் உயிரோட எரிஞ்சு போனாங்க. பெரும்பாலும் பொம்பளைங்க, குழந்தைங்க, வயசானவங்க. வழக்குல கீழ்க்கோர்ட்டு தண்டிச்ச மிராசுதாரர்களை 1973ல உயர் நீதிமன்றம் விடுதலை செஞ்சது.

அதுக்கப்புறம் கணபதியா பிள்ளை தலைமையில ஒரு கமிஷன். 1969ல விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம். தஞ்சாவூரை மனசுல வச்சுப் போட்ட சட்டம் அது. அரைப்படி நெல்லுக்கு 44 உயிர். எனக்கு ஒவ்வொரு அறுப்புலயும் மரக்காலைக் கையில எடுக்கும்போது இது ஞாபகம் வரும்.

அதே 1968, வேற ஒரு ஊர்

அதே வருஷம் ஜூன் மாசம், லண்டன் பக்கத்துல டாகன்ஹாம்ல ஒரு சண்டை. அங்க ஃபோர்டு கார் கம்பெனியில சீட்டு உறை தைக்கிற பொம்பளைங்க 187 பேர் வேலையை நிறுத்தினாங்க. கம்பெனி வேலைகளைத் தரம் பிரிச்சப்போ, தையல் வேலையைத் திறமை வேணாத வேலைன்னு கீழ்த் தரத்துல போட்டுடுச்சு. அதுக்கு மேல, அந்தக் கீழ்த் தரத்து ஆம்பளை வாங்கினதுல 85 சதவீதம்தான் பொம்பளைக்கு. சீட்டு இல்லாம கார் வெளியே போகுமா? மூணு வாரத்துல தொழிற்சாலையே நின்னு போச்சு. மந்திரி பார்பரா காசில் அவங்களைக் கூப்பிட்டுப் பேசினார். 92 சதவீதம்னு முடிஞ்சது. 1970ல அந்த நாட்டுல சமக் கூலிச் சட்டம் வந்தது. ஆனா தையல் வேலை திறமையான வேலைதான்னு ஒத்துக்க வைக்க, 1984ல மறுபடி ஒரு வேலைநிறுத்தம் வேண்டியிருந்தது. 16 வருஷம்.

அந்தக் கம்பெனி பேர் நமக்குப் புதுசு இல்லை. கூடுவாஞ்சேரிக்கு மூணு ஸ்டேஷன் தள்ளி மறைமலை நகர்லயே அவங்க தொழிற்சாலை இருந்தது. 2022ல மூடினாங்க. ஆனா டாகன்ஹாம் கதையை அந்தக் கேட்டைத் தாண்டிப் போய் வந்துட்டு இருந்த எங்களுக்கு யாரும் சொல்லலை.

நம்ம நாட்டுலயும் சட்டம் உண்டு. அரசியல் சாசனத்துல 39வது பிரிவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம்னு சொல்லுது. 1976ல சம ஊதியச் சட்டம் வந்தது. ஆனா அதுல ஒரு வார்த்தை இருந்தது: "ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை." அங்கதான் எங்க மாதிரி ஆளுங்க தப்பிச்சுக்கறோம். அண்டை வெட்டறதும் நாத்து நடறதும் ஒரே வேலை இல்லையே! பொம்பளையை அண்டை வெட்டக் கூப்பிடறது இல்லை, ஆம்பளை நடவுக்கு வர்றது இல்லை. வேலையையே ரெண்டா பிரிச்சு வச்சுட்டா சட்டம் எங்க போய் ஒப்பிடும்?

இதை உலகத் தொழிலாளர் அமைப்பு 1951லயே யோசிச்சிருக்கு. அவங்களோட 100வது ஒப்பந்தம் "சம மதிப்புள்ள வேலை"ன்னு சொல்லுது. வேலை வேறயா இருக்கலாம், மதிப்பு ஒண்ணா இருந்தா கூலி ஒண்ணு. இந்தியா 1958ல அதை ஏத்துக்கிட்டு ஒப்புதல் கொடுத்தது. கொடுத்துட்டு, சட்டம் எழுதும்போது "ஒத்த தன்மை"ன்னு எழுதிட்டாங்க. 2019ல வந்த ஊதியச் சட்டத் தொகுப்புலயும் அதே வார்த்தைதான். அக்கா கேட்ட கேள்வி அந்த ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல நிக்குது.

ஏரியில ஒரே மஸ்டர் ரோல்

எங்க ஊர்ல ஆம்பளைக் கூலி முதல்ல ஏறினது கம்பெனிகளாலதான். ஜிஎஸ்டி ரோட்டுல வேலை கிடைச்சதும் வாலிபப் பசங்க வயலை விட்டுப் போனாங்க. மிச்சம் இருந்த ஆம்பளைங்க கேட்ட கூலியைக் கொடுத்தோம். அண்டை வெட்டறது திடீர்னு உயர்ந்த வேலை ஆயிடலை, ஆள் கிடைக்கலை, அவ்வளவுதான். பொம்பளைங்களுக்கு அந்த வழி இல்லை. வீடு, மாடு, குழந்தை, பஸ். அதனால நடவுக் கூலி அப்படியே கிடந்தது.

2008 ஏப்ரல்ல நூறு நாள் வேலை எங்க மாவட்டத்துக்கு வந்தது. அப்போ அது காஞ்சிபுரம் மாவட்டம். ஒரு நாளைக்கு 80 ரூபாய். ஏரியில தூர் எடுக்கிற வேலை. ஆம்பளை, பொம்பளை எல்லாருக்கும் ஒரே மஸ்டர் ரோல், ஒரே ரேட். எங்க ஊர்ல நடவுக்கு அப்போ அதைவிடக் குறைச்சல். அளவெடுத்துப் பிடிச்சது போக 80 முழுசாக் கைக்கு வராத நாளும் உண்டு, சம்பளம் மாசக்கணக்குல தள்ளிப் போனதும் உண்டு. இருந்தாலும் பொம்பளைங்க ஏரிக்குத்தான் போனாங்க. தமிழ்நாட்டுல அந்த வேலைக்குப் போனவங்கள்ல பத்துக்கு எட்டு பேர் பொம்பளைங்க.

எங்களுக்குக் கோபமான கோபம். டீக்கடையில உட்கார்ந்து "மரத்தடியில தூங்கறதுக்குக் காசு"ன்னு பேசினவங்கள்ல நானும் ஒருத்தன். டெல்லி வரைக்கும் இந்தச் சண்டை போச்சு. 2011ல மத்திய விவசாய மந்திரியா இருந்த சரத் பவார், விவசாய வேலை மும்முரமான மாசங்கள்ல இந்தத் திட்டத்தை நிறுத்தி வைக்கலாம்னு யோசனை சொன்னார். ஊரக வளர்ச்சித் துறை ஒத்துக்கலை. அன்னிக்கு நான் பவார் பக்கம்.

இன்னிக்கு யோசிச்சா கூச்சமா இருக்கு. நாங்க கேட்டது என்ன? அவங்களுக்கு வேற வேலை இல்லாம பண்ணுங்க, அப்பத்தான் எங்க கூலிக்கு வருவாங்கன்னு கேட்டிருக்கோம். 1891ல மனையைக் காலி பண்ணுன்னு மிரட்டினவங்களுக்கும் எங்களுக்கும் தூரம் ரொம்ப இல்லை. அந்தத் திட்டத்துக் கூலி தமிழ்நாட்டுல 2024ல 319 ரூபாய் ஆச்சு. எங்க நடவுக் கூலி ஏறினது எங்க பெரிய மனசால இல்லை, அந்த ஏரியால.

எங்க பக்கத்து நியாயம்

"அப்போ கொடுக்க வேண்டியதுதானே"ன்னு நீங்க கேட்பீங்க. கொஞ்சம் பொறுங்க.

2024-25க்கு சாதாரண நெல்லுக்கு மத்திய அரசு குவிண்டாலுக்கு அறிவிச்ச விலை 2,300 ரூபாய். மாநிலம் ஊக்கத்தொகை கொஞ்சம் சேர்த்துத் தருது. அந்த விலையை நான் பேச முடியாது. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம்னு சொன்னாலும் கேட்டுக்கணும், மழை வந்தா வியாபாரி சொல்ற விலைக்குத் தள்ளணும். வேண்டாம்னு நெல்லைத் திருப்பி எடுத்துட்டு வர எனக்கும் வழி இல்லை. படியாளுக்கு இருந்த அதே கஷ்டம்தான், அளவு வேற.

ஆனா இதுல ஒரு கணக்கு இருக்கு, அதை எங்க ஆளுங்களே கவனிக்கிறது இல்லை. நெல்லு விலையை நிர்ணயிக்கச் செலவுக் கணக்குப் போடறாங்க. கைக்காசாச் செலவு பண்ணினது, அதோட குடும்பத்தார் செஞ்ச வேலைக்கு ஒரு மதிப்பு. உற்பத்திச் செலவுக்கு மேல பாதி சேர்த்துக் கொடுங்கன்னு சுவாமிநாதன் கமிஷன் சொன்னதும், நிலத்து வாடகையையும் அந்தச் செலவுல சேர்க்கணும்னு விவசாயிங்க கேட்கிறதும் உங்களுக்குத் தெரியும். அந்தக் கணக்குல வீட்டம்மா நட்ட நடவுக்கு மதிப்புப் போடறது எதை வச்சு? ஊர்ல நடக்கிற கூலியை வச்சுத்தான். ஊர்ல பொம்பளைக் கூலியை நாங்க அமுக்கி வச்சா, செலவும் குறைவாத்தான் தெரியும், விலையும் அதுக்கேத்த மாதிரிதான் வரும். அடுத்தவங்க வேலையை மலிவாக்கினா எங்க வீட்டு வேலையும் சேர்ந்துதான் மலிவாகுது. எங்க வீட்டம்மா கேட்ட "எனக்கு எவ்வளவு?"க்குப் பதில் இதுதான். அக்காவுக்கு நான் கொடுக்கிறது எவ்வளவோ, அரசாங்கக் கணக்குல அவங்களுக்கும் அவ்வளவுதான்.

கடைசியா

அடுத்த வாரம் அக்கா வீட்டுக்கே போனேன். வர்ற சொர்ணவாரி நடவுக்கு ஆளுக்கு 600 தர்றேன்னு சொன்னேன். 800 தர என்னால இப்போ முடியலை, அதையும் சொன்னேன். விஷயம் அன்னிக்கே ஊர் பூராத் தெரிஞ்சு போச்சு. பக்கத்து வயக்காரர், எனக்கு மாமா முறை, வழியில நிறுத்தி, "நீ ஒருத்தன் ஊர்க்கூலியைக் கெடுக்கிற. நாளைக்கு நாங்க எங்க போறது?"ன்னு சத்தம் போட்டார். அவர் கேட்டதுலயும் நியாயம் இல்லாம இல்லை. அவருக்கு ரெண்டு ஏக்கர், போன வருஷ மழையில பாதி சாய்ஞ்சு போச்சு. ரெண்டு பேரும் இன்னும் சரியாப் பேசிக்கலை.

அக்கா என்ன சொன்னாங்கன்னு சொல்லலையே. 600ன்னதும் கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க: "பாதி வழி வந்திருக்கே தம்பி. சரி, நடவுக்கு வர்றோம். மீதிக்கு அடுத்த போகத்துல பேசலாம்."